முதல் காலாண்டில் தலைவர்கள் கேட்கவேண்டிய கேள்வி

இலங்கையில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதலாம் திகதி அரசாங்க அலுவலகங்களில் தேசியக்கொடியை ஏற்றி, ஊழியர்கள் அனைவரும் அரசசேவை சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு கடமைகளை ஆரம்பிப்பது வழமை. தனியார் நிறுவனங்களிலும் வருடத்தின் முதல் வாரத்தில் தலைமை அதிகாரி ஊழியர்களை ஒன்றுகூட்டி, அந்த வருடத்துக்கான இலக்குகளை அறிவிப்பார். அமைச்சர்கள் தங்களது அமைச்சுக்களின் செயற்றிட்டங்களை ஊடகவியலாளர்களுக்கு விளக்குவார்கள். அதற்குப் பிறகு அந்த இலக்குகளைப் பற்றிய அக்கறையான பேச்சு எழுவது பெரும்பாலும் வருடத்தின் இறுதிப் பகுதியில்தான். அப்போது நடைபெறும் மீளாய்வு மரண விசாரணைக்கு ஒப்பானதாகவே இருக்கிறது. என்ன காரணத்தினால் உயிர் போனது என்பதை அது கண்டறியக்கூடும். ஆனால், போன உயிரை அதனால் மீட்டுத்தர முடிவதில்லை.

வருடத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் தனது குழுவின் நிலையை மதிப்பிடுகின்ற தலைவருக்கு, தவறுகளைத் திருத்துவதற்கு ஒன்பது மாதங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒக்டோபரில் மதிப்பிடுபவருக்கு எஞ்சியிருப்பவை சாக்குப்போக்குகள் மாத்திரமே. இந்த எளிமையான உண்மையை அறியாத தலைவர்கள் இல்லை. அவ்வாறிருந்தும் முதல் காலாண்டு மீளாய்வுகள் ஏன் பெரும்பாலும் பயனற்றவையாகப் போகின்றன என்பதே சிந்திக்கப்படவேண்டிய கேள்வி. எதைப் பார்க்கவேண்டும் என்பதில் உள்ள குழப்பம் அதற்கு ஒரு காரணம். கெட்ட செய்தியைச் செவிமடுப்பதற்குத் தலைவர்கள் ஆயத்தமாக இல்லாமை அதைவிட முக்கியமான மற்றைய காரணம்.

முதலாவது காரணத்தை எடுத்துக்கொள்வோம். எமது நாட்டின் மாவட்டச் செயலகங்களிலும் திணைக்களங்களிலும் நடைபெறும் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டங்களில் இரண்டு இலக்கங்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று நிதி முன்னேற்றம். மற்றது பௌதிக முன்னேற்றம். ஒதுக்கப்பட்ட பணத்தில் எத்தனை வீதம் செலவாகியிருக்கிறது, வேலையில் எத்தனை வீதம் முடிந்திருக்கிறது என்பதே அவற்றின் பொருள். வருட இறுதியில் இந்த இலக்கங்களுக்கு அர்த்தம் உண்டு. ஆனால், மார்ச் மாதத்தில் அவை எதையும் சொல்வதில்லை. வருடத் தொடக்கத்தில் எல்லா வேலைத்திட்டங்களிலும் செலவு குறைவாகவே இருக்கும். ஒழுங்காக நடைபெறப்போகும் திட்டத்துக்கும் டிசெம்பரில் பணம் திறைசேரிக்குத் திரும்பப்போகும் திட்டத்துக்கும் இடையில் அந்த வேளையில் இலக்கத்தில் வேறுபாடு இருக்காது.

வன்னியில் ஒரு சிறிய குளத்தின் அணைக்கட்டைப் புனரமைக்கும் வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வடக்கு கிழக்கில் ஒக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும். குளத்தில் நீர் வற்றிய கோடைகாலத்திலேயே மண்வேலை செய்யமுடியும். அதற்கு முன்னர் மதிப்பீடு தயாரிக்கப்படவேண்டும், தொழில்நுட்ப அங்கீகாரம் பெறப்படவேண்டும், கேள்விப்பத்திரம் கோரப்படவேண்டும், ஒப்பந்தகாரர் தெரிவு செய்யப்படவேண்டும். இந்த ஒவ்வொரு படிக்கும் பல வாரங்கள் தேவை. மார்ச் மாத இறுதியிலும் மதிப்பீடு தயாராகவில்லை என்றால், அந்த வேலை மழைக்குள் போய் முடியப்போகிறது என்பதைக் கண்டுகொள்வதற்கு எந்த நிபுணத்துவமும் தேவையில்லை. அந்தக் குளத்தை நம்பிக் காலபோக நெற்செய்கையில் இறங்கும் விவசாயிக்கு அது ஒரு வருட வாழ்க்கை. ஆனால், மார்ச் மாதக் கூட்டத்தில் அந்தத் திட்டத்துக்கு எதிரே “முன்னேற்றம் 0 வீதம்; வேலை ஆரம்பிக்கப்படவுள்ளது” என்று எழுதப்பட்டிருக்கும். எல்லாத் திட்டங்களுக்கும் அவ்வாறே எழுதப்பட்டிருப்பதால் எவரும் அதைக் கவனிப்பதில்லை.

வருடத் தொடக்கத்தில் விளைச்சலைக் கேட்பதில் பயனில்லை. வரம்பு கட்டப்பட்டதா, விதை வந்து சேர்ந்ததா என்றே கேட்கவேண்டும். எந்தவொரு குழுவின் வேலையிலும் பின்னர் ஈடுசெய்ய முடியாத ஒரு சில ஆரம்பப் படிகள் இருக்கின்றன. பாடசாலை அதிபருக்கு அது எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதாக இருக்கலாம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு மூலப்பொருள் தொடர்பான ஒப்பந்தமாக இருக்கலாம். அந்தப் படிகளைப் பெயர் குறிப்பிட்டு, திகதியிட்டு, ஜனவரியிலேயே எழுதிவைத்துக்கொண்டு அவை நடந்தனவா இல்லையா என்று மாத்திரம் பார்த்தால் போதுமானது.

ஆட்சித் தலைவர்களை வேளைக்கே மதிப்பிடுவதற்கு உலகம் 100 நாட்கள் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் 1933 மார்ச் 4ஆம் திகதி பதவியேற்ற ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் பெரும் பொருளாதார மந்தநிலைக்கு மத்தியில் கொங்கிரஸின் விசேட கூட்டத்தொடரைக் கூட்டி, ஜூன் நடுப்பகுதிக்குள் வரிசையாகச் சட்டங்களை நிறைவேற்றினார். அந்த வருடம் ஜூலையில் அவர் ஆற்றிய வானொலி உரையில் அந்த 100 நாட்களைப் பற்றிக் குறிப்பிட்டதில் இருந்து அது அரசியல் வழக்காகிவிட்டது. அதற்குப் பிறகு பதவிக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதிகள் எல்லோரும் அந்த அளவுகோலினால் அளக்கப்பட்டார்கள். 100 நாட்களில் எத்தனை சட்டங்கள், எத்தனை அறிவிப்புக்கள் என்று எண்ணுவதே அந்த அளவீட்டின் முறையாகவும் ஆகிவிட்டது.

இலங்கைக்கும் அதில் சொந்த அனுபவம் உண்டு. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதி தேர்தலில் வெற்றிபெற்ற மைத்திரிபால சிறிசேன, 100 நாள் வேலைத்திட்டம் ஒன்றை மக்கள் முன்வைத்தே ஆட்சிக்கு வந்தார். நாளுக்கு நாள் என்ன செய்யப்படும் என்ற அட்டவணையும் அதில் இருந்தது. ஜனவரி இறுதியில் இடைக்கால வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. அத்தியாவசியப் பொருட்களின் விலைகள் குறைக்கப்பட்டன. நிறைவேற்று அதிகாரத்தைக் குறைத்த அரசியலமைப்புக்கான 19ஆவது திருத்தம் ஏப்ரில் 28ஆம் திகதி 212 வாக்குகளினால் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. அது அந்த அரசாங்கத்தின் மெய்யான சாதனை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், அதே 100 நாட்களுக்குள், ஆட்சி மாறி 50 நாட்கள்கூட நிறைவடைவதற்கு முன்னர், பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கியில் அந்தப் பிணைமுறி ஏலம் இடம்பெற்றது. 100 கோடி ரூபாவுக்கு என்று அறிவிக்கப்பட்டு 1,000 கோடி ரூபாவுக்குக் கேள்விகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. மத்திய வங்கி ஆளுநரின் மருமகனுடன் தொடர்புடைய நிறுவனமே பெருமளவில் பயனடைந்தது என்ற குற்றச்சாட்டு உடனடியாகவே கிளம்பியது. நல்லாட்சி என்ற ஒரே வாக்குறுதியில் ஆட்சிக்கு வந்த ஒரு குழுவுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை மணி இருந்திருக்க முடியாது. பிரதமர் சட்டத்தரணிகள் மூவரைக் கொண்ட குழுவொன்றை நியமித்தார். பாராளுமன்றத்தின் கோப் குழு விசாரித்துக்கொண்டிருந்த நிலையில் ஜூன் 26ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது 2017 ஜனவரியில்தான். அதன் அறிக்கை ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டபோது 2017 டிசெம்பர் முடிவடைய ஒருநாளே இருந்தது. ஏழு வாரங்களுக்குள் தெரியவந்த ஒரு நோயை ஆராய்ந்து முடிக்க ஏறக்குறைய மூன்று வருடங்கள் எடுத்ததற்கு அந்த அரசாங்கம் கொடுத்த விலையை நாடு அறியும். அட்டவணையில் இருந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அட்டவணையில் இல்லாத ஒன்று தங்களது அத்திவாரத்தையே அரித்துக்கொண்டிருந்ததைப் பொருட்படுத்தவில்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். தலைவரின் முன்னால் உண்மை பேசப்படாமல் போவது எவ்வாறு என்பதற்கு உலக வரலாற்றில் பெரிதும் ஆராயப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. ஜோன் எவ். கென்னடி 1961 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களை அவர் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டார். மூன்று மாதங்கள் நிறைவடைவதற்கு முன்னதாக, ஏப்ரில் 17ஆம் திகதி, சி.ஐ.ஏ. பயிற்றுவித்த சுமார் 1,400 கியூபத் தஞ்சக்காரர்கள் பன்றிகள் விரிகுடாவில் தரையிறக்கப்பட்டார்கள். மூன்று நாட்களுக்குள் அந்தப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் பிடிபட்டனர். ஜனாதிபதியின் ஆலோசகர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் ஆதர் ஷிலேசிங்கர் அந்தத் திட்டத்தை எதிர்த்துக் குறிப்பு எழுதியிருந்தார். ஆனால், கூட்டங்களில் அவர் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக அவர் பின்னர் தன்னையே நொந்துகொண்டார். கெட்டிக்காரர்கள் கூடியிருந்து ஒருமனதாகத் தவறு செய்வதை விளக்குவதற்கு உளவியலாளர் இர்விங் ஜெனிஸ் பிற்காலத்தில் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இது முக்கியமானது.

கென்னடி பகிரங்கமாகப் பொறுப்பேற்றுக்கொண்டதுடன் நின்றுவிடவில்லை. தோல்விக்கான காரணங்களை ஆராயுமாறு ஜெனரல் மக்ஸ்வெல் ரெய்லரிடம் கேட்டுக்கொண்டார். தீர்மானம் எடுக்கும் முறையையே மாற்றினார். 1962 ஒக்டோபரில் கியூப ஏவுகணை நெருக்கடி வந்தபோது, ஆலோசகர்கள் தனது முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகாமல் இருந்தார். அந்தப் 13 நாட்களில் உலகம் அணுவாயுதப் போரில் இருந்து தப்பியதற்கான காரணங்களில், பதவியின் முதல் காலாண்டுத் தோல்வியில் இருந்து ஒரு தலைவர் கற்றுக்கொண்ட பாடமும் ஒன்று எனலாம்.

அத்தகைய பாடத்தைக் கற்க மறுத்ததன் விளைவை இலங்கை மக்கள் அனுபவித்தது 2022ஆம் வருடத்தில். இரசாயனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அந்தத் தடை நவம்பரில் கைவிடப்பட்டபோது பெரும்போகச் செய்கை ஏற்கெனவே பாதிக்கப்பட்டுவிட்டது. டிசெம்பரில் உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று எச்சரித்ததை அடுத்து விவசாய அமைச்சின் செயலாளர் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். 2022 ஜனவரி முதல் வாரத்தில், சந்தையில் மரக்கறி விலை உயர்வைப் பற்றியும் அரசாங்கத்தின் விவசாயக் கொள்கையைப் பற்றியும் ஊடகவியலாளர்களிடம் விமர்சனமாகப் பேசிய இராஜாங்க அமைச்சர் சுசில் பிரேமஜயந்தவின் பதவி பறிக்கப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் விமல் வீரவன்சவும் உதய கம்மன்பிலவும் அமைச்சரவையில் இருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களது அரசியலுடன் எமக்கு உடன்பாடு இருக்கவேண்டிய அவசியமில்லை. அமைச்சரவையில் எஞ்சியிருந்தவர்கள் அந்த நீக்கங்களில் இருந்து என்ன பாடத்தைப் படித்திருப்பார்கள் என்பதே இங்கு முக்கியமானது.

அதே ஜனவரி 18ஆம் திகதி, மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரத்தில், 50 கோடி டொலர் பெறுமதியான சர்வதேச பிணைமுறிக் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. கடனை மறுசீரமைக்கவேண்டும், சர்வதேச நாணய நிதியத்திடம் செல்லவேண்டும் என்று பொருளாதார நிபுணர்கள் பல மாதங்களாகச் சொல்லிவந்தார்கள். அதைச் சொன்னவர்களுக்கு அரசாங்கத்தில் செவிசாய்க்க எவரும் இருக்கவில்லை. ஏப்ரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிவாயுவுக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் வரிசைகளில் நின்றவர்களில் சிலர் அந்த இடத்திலேயே விழுந்து இறந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டுத் தப்பியோடிப் பதவி விலகினார். பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியினதும் திறைசேரியினதும் உயர்மட்டத்தில் இருந்தவர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது.

அந்த வருடம் ஜனவரியில் ஜனாதிபதி தனது அமைச்சர்களையும் செயலாளர்களையும் அழைத்து, எந்த விடயத்தில் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று உண்மையாகக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? அவ்வாறு கேட்டிருந்தாலும் சொல்வதற்கு எவரும் துணிந்திருக்க மாட்டார்கள் என்பதே எமது கணிப்பு. சொன்னவர்களுக்கு நேர்ந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு தூதுவனைத் தண்டித்தால் அடுத்த நூறு தூதுவர்கள் நல்ல செய்தியுடனேயே வந்துசேர்வார்கள்.

இதற்கு நேரெதிரான அனுபவம் ஒன்று வணிக உலகில் இருக்கிறது. போயிங் நிறுவனத்தில் பணிபுரிந்த அலன் முலாலி 2006 செப்டெம்பரில் போர்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அந்த வருடம் போர்ட்டின் நட்டம் 1,200 கோடி டொலருக்கும் அதிகம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் உயரதிகாரிகள் அனைவரும் கூடித் தங்களது பிரிவின் நிலையை நிறங்களினால் காட்டவேண்டும் என்று அவர் விதித்தார். ஒழுங்காகப் போகின்ற வேலைக்குப் பச்சை. சிக்கல் உள்ளதற்கு மஞ்சள். கைமீறிப் போகின்றதற்குச் சிவப்பு. ஆரம்ப வாரங்களில் எல்லா அட்டவணைகளும் பச்சையாகவே வந்தன. இத்தனை கோடி டொலர் நட்டப்படும் நிறுவனத்தில் சரியாகப் போகாத ஒரு விடயம்கூட இல்லையா என்று முலாலி கேட்டார்.

வட, தென் அமெரிக்கப் பிரிவுகளுக்குப் பொறுப்பாக இருந்த மார்க் பீல்ட்ஸ் ஒரு வாரம் சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஒக்வில் தொழிற்சாலையில் தயாரான புதிய வாகனம் ஒன்றின் பின்கதவில் கோளாறு ஏற்பட்டு அதன் வெளியீடு தடைப்பட்டிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, பீல்ட்ஸின் பதவி அன்றுடன் போய்விடும் என்று நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். பிறகு, இதற்கு யார் உதவமுடியும் என்று கேட்டார். ஏனைய பிரிவுகளின் தலைவர்கள் அந்த இடத்திலேயே ஆட்களையும் யோசனைகளையும் கொடுக்க முன்வந்தார்கள். அடுத்துவந்த வாரங்களில் அட்டவணைகளில் மூன்று நிறங்களும் தோன்றத்தொடங்கின. அமெரிக்காவின் ஏனைய இரு பெரிய கார் நிறுவனங்களும் 2009ஆம் வருடத்தில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியபோது போர்ட் அவ்வாறு செய்யவேண்டியிருக்கவில்லை. 2006 இறுதியில் பெருந்தொகைக் கடனைப் பெற்றுவைத்திருந்தமை அதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், நோய் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திராவிட்டால் அந்தப் பணமும் கரைந்துபோயிருக்கும். 2014ஆம் வருடத்தில் முலாலி ஓய்வுபெற்றபோது அவரது இடத்துக்கு வந்தவர் அன்று சிவப்பைக் காட்டிய மார்க் பீல்ட்ஸ்தான்.

எனவே, வருடத் தொடக்கத்தில் தனது குழுவின் முன்னேற்றத்தை அறிய விரும்புகின்ற ஒரு தலைவர் முதலில் பார்க்கவேண்டியது, ஜனவரிக்குப் பிறகு தன்னிடம் எத்தனை கெட்ட செய்திகள் வந்துசேர்ந்தன என்பதை. ஒன்றுகூட வரவில்லை என்றால் அதில் மகிழ்ச்சியடைய எதுவும் இல்லை. பிரச்சினையே இல்லாத குழு உலகத்தில் கிடையாது. பிரச்சினைகள் அவரது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கின்றன என்பதே அதன் அர்த்தம். பெரும்பான்மை பலம் மிகுந்த அரசாங்கங்களுக்கு இது விசேடமாகப் பொருந்தும். 1977ஆம் வருடத்தில் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றிய ஐக்கிய தேசியக் கட்சி, 2020ஆம் வருடத்தில் 225 ஆசனங்களில் 145ஐக் கைப்பற்றிய பொதுஜன பெரமுன ஆகியவற்றின் அனுபவம் அதுவே. 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்தியும் அந்த ஆபத்தில் இருந்து விதிவிலக்குப் பெற்றதல்ல. கைகளை உயர்த்துவதற்கு ஆட்கள் நிறைந்திருக்கும் இடத்தில் கேள்வி எழுப்புவதற்கு ஆட்கள் குறைந்துபோகிறார்கள்.

அடுத்ததாக, குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, இந்த வருடத்தில் நாம் செய்து முடிக்கவேண்டிய மிக முக்கியமான இரண்டு விடயங்கள் எவை என்று கேட்கவேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதில் சொன்னால், தவறு அவர்களுடையதல்ல. இலக்கைத் தெளிவாகச் சொல்லாத தலைவருடையதே. எமது தொழிலிலும் இதைக் காணலாம். ஆசிரியபீடக் கூட்டத்தில் நாளைய தலைப்புச் செய்தி எது என்பதில் செய்தி ஆசிரியருக்கும் பக்கம் வடிவமைப்பவருக்கும் வேறுவேறு விளக்கங்கள் இருந்தால், அந்தப் பத்திரிகை இரவு உரிய நேரத்தில் அச்சுக்குப் போகாது. அந்தக் குழப்பத்தை நள்ளிரவில் கண்டுபிடிப்பதைவிட மாலையிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

இறுதியாகக் கேட்கவேண்டிய கேள்வி, என்னால் உங்களுக்குத் தாமதமாகின்ற வேலை எது என்பது. பெரும்பாலான நிறுவனங்களில் கோப்புக்கள் தேங்கிக்கிடக்கும் இடம் தலைவரின் மேசையாகவே இருக்கிறது. கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் கடிதம், எடுக்கப்படாத தீர்மானம், நிரப்பப்படாத பதவி வெற்றிடம் ஆகியவற்றுக்குக் கீழ்நிலை ஊழியர் பொறுப்பாக முடியாது. ஆனால், முன்னேற்ற அறிக்கையில் அதற்கென்று ஒரு நிரல் இருப்பதில்லை.

தலைவரின் மேசையை மதிப்பீட்டுக்கு வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியா நல்லதொரு உதாரணம். பிரதமர் நஜிப் ரசாக் 2009ஆம் வருடத்தில் தனது திணைக்களத்தின் கீழ் பெமாண்டு என்ற பிரிவை அமைத்து, அமைச்சர்களின் செயற்பாடுகளை அளவிடும் குறிகாட்டிகளை அறிமுகப்படுத்தினார். அந்த முறையைப் பல நாடுகள் வந்து கற்றுச்சென்றன. அதே 2009ஆம் வருடத்தில்தான் 1எம்.டி.பி. நிதியமும் உருவானது. அந்த நிதியத்தின் ஆலோசனைச் சபைக்குத் தலைமை தாங்கியவர் பிரதமரே. அமைச்சர்கள் எல்லோருக்கும் புள்ளியிட்ட அந்த நிருவாகத்தில் பிரதமரின் மேசைக்குப் புள்ளியிட எவரும் இருக்கவில்லை. 2018 மே மாதத் தேர்தலில் வாக்காளர்கள் அதைச் செய்தார்கள். 2022 ஓகஸ்டில் நஜிப் சிறைக்குச் சென்றார்.

இவ்வாறு கூறுவதனால், கிழமைக்கு ஒரு படிவமும் மாதத்துக்கு மூன்று கூட்டங்களும் வைக்கவேண்டும் என்று வாதிடுவதாக எவரும் விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. வேர் பிடித்ததா என்று பார்ப்பதற்காகக் கன்றைத் தினமும் பிடுங்கிப் பார்ப்பவர் தோட்டக்காரர் அல்ல. பிரதேச செயலகங்களில் பணியாற்றும் உத்தியோகத்தர்களுடன் பேசினால், ஒரே தகவலை நான்கு வேறு அமைச்சுக்களுக்கு நான்கு வடிவங்களில் அனுப்புவதிலேயே அவர்களது நேரத்தின் பெரும்பகுதி கழிவதாகச் சொல்வார்கள். பிரிட்டனில் பிரதமர் ரொனி பிளேயர் 2001ஆம் வருடத்தில் மைக்கல் பார்பரின் தலைமையில் அமைத்த செயற்படுத்தல் பிரிவு, சுகாதாரம், கல்வி, குற்றத்தடுப்பு, போக்குவரத்து என்று ஒரு சில துறைகளையும் அவற்றுக்கான குறிப்பிட்ட இலக்குகளையும் மாத்திரமே பின்தொடர்ந்தது. சிலவற்றை விடாமல் கேட்பதில் பயன் உண்டு. எல்லாவற்றையும் கேட்பவர் எதையும் கேட்பதில்லை.

தமிழ் மக்களின் அரசியலிலும் பொதுவாழ்விலும் இந்தப் பழக்கம் அறவே இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியபோது தமிழ்க் கட்சிகளின் தலைவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். மக்களின் மனமாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்ததல்ல. கிராமங்களில் வேலைசெய்த அந்தக் கட்சிகளின் சாதாரண உறுப்பினர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்பதற்கான ஒரு கூட்டத்தைக் கட்சித் தலைமைகள் கூட்டவில்லை. அல்லது, கூட்டிய கூட்டங்களில் தலைவர்களே பேசினார்கள். தேர்தல் முடிந்த பின்னர் தோல்விக்கான காரணங்களை ஆராய்வதற்குக் குழு அமைப்பதில் எமது கட்சிகளுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. முன்னரே ஆராய்ந்த அனுபவம்தான் இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியவற்றின் நிலையும் பெரிதும் வேறுபட்டதல்ல. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போதே, ஊரில் உள்ள பாடசாலைக்கு அனுப்பிய பணத்தில் கட்டத்தொடங்கிய ஆய்வுகூடம் கூரையில்லாமல் நிற்பது தெரியவருகிறது. அதற்குப் பிறகு வாக்குவாதம். அதற்குப் பிறகு சங்கம் இரண்டாகப் பிளவுபடுதல். மார்ச் மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் அதிபரிடமோ மேற்பார்வை செய்பவரிடமோ கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு, டிசெம்பரில் ஒரு சமூகத்தின் ஒற்றுமையையே விலையாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த ஆய்வுகூடத்துக்காகக் காத்திருந்த மாணவன் அதற்குள் பரீட்சை எழுதி முடித்திருப்பான்.

தலைவர்கள் தங்களைச் சுற்றியிருப்பவர்களை மதிப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் மதிப்பிடப்படுவது தலைவர்களே. முதலாவது கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குழுவில் உள்ள எல்லோரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் உதவியுடன் திரும்பிப் போனாரா, அல்லது அவமானத்துடன் திரும்பிப் போனாரா என்பதைப் பொறுத்தே எஞ்சிய ஒன்பது மாதங்களில் அவர்கள் உண்மையைச் சொல்வதா, பச்சை நிறத்தைக் காட்டுவதா என்று தீர்மானிப்பார்கள். 2022ஆம் வருடத்தில் வரிசைகளில் நின்ற மக்கள் அனுபவித்த துன்பத்துக்குப் பிறகும் இந்த நாட்டின் தலைவர்களுக்கு அது விளங்கவில்லை என்றால், இனிமேல் எந்த மீளாய்வுக் கூட்டத்தினாலும் அதை விளங்கவைக்க முடியாது.